கணக்கு யாரோடு?

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீடொன்றில் சாவு விழுந்தால், பிரேதம் வீட்டை விட்டுப் போகுமுன்னமே ஒரு சமயச் சண்டை தொடங்கிவிடும். கைகலப்பெல்லாம் இல்லை. வளவுக்குள் கதிரைகளைப் போட்டு, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் ஒரு சுற்று வந்த பிறகு, யாராவது ஒரு மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "மாமா இரட்சிக்கப்பட்டுத்தான் போனாரா?" அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு யாரைக் கூப்பிடுவது என்று கதைத்துக்கொண்டிருந்த கத்தோலிக்கப் பெரியம்மா திரும்பிப் பார்ப்பார். "அவர் செஞ்ச தருமம் ஊருக்கே தெரியும். நீ வந்து கேக்கிறியா?" மச்சானும் விடமாட்டார். "தருமத்தால ஒருத்தரும் பரலோகம் போறதில்ல பெரியம்மா. பைபிள்ள இருக்கு." நடுவில் இருக்கும் மெதடிஸ்தக்காரர்களாகிய நாங்கள் இன்னொரு பிஸ்கட்டை எடுப்போம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிக்குடியைத் தாண்டிக் கல்முனைக்குப் போகும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அப்பா வழி மெதடிஸ்தம், அம்மா வழி கத்தோலிக்கம். எனக்கு அடுத்த தலைமுறையில் பாதிப்பேர் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் முளைத்த சுயாதீன சபைகளுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தம் செய்த வீடுகளில் சைவமும் உண்டு. ஒரே சாவு வீட்டில் மூன்று நாலு விதமான மறுமை பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும். இந்தச் சண்டையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதில் இரண்டு தரப்பும் ஒரு முக்கியமான ஆளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்த ஆளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

மச்சான் சொல்வது சரிதான். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. இரண்டாம் அதிகாரம், எட்டாம் வசனம். ஒருவரும் பெருமை பாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் வந்ததல்ல என்று ஒன்பதாம் வசனம் சொல்கிறது. மச்சான் அங்கே நிறுத்திவிடுவார். பத்தாம் வசனத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டிருக்கிறோம், அவற்றில் நாம் நடக்கும்படி தேவன் அவற்றை முன்னதாகவே ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று அது போகிறது. பெரியம்மாவுக்கு யாக்கோபின் நிருபம் மனப்பாடம். உடுக்க உடுப்பும் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறார் யாக்கோபு. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று முடிக்கிறார். புரட்டஸ்தாந்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தருக்கு இந்த நிருபத்தோடு ஒத்துப்போகவில்லை. 1522இல் தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார். மனுஷன் வாயை அடக்கத் தெரியாதவர்.

ஆனால் அதே லூத்தர் அதற்கு இரண்டு வருஷம் முன்னே, 1520இல், வேறொன்று எழுதினார். கிறிஸ்தவன் எல்லாருக்கும் மேலான சுதந்திரவாளி, ஒருவனுக்கும் கீழ்ப்பட்டவனல்ல. அதே கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கடவுள் முன்னால் அவன் சம்பாதிக்க வேண்டியது ஒன்றும் இல்லை, ஆகவே அவன் உழைப்பு முழுவதும் அயலவனுக்கு மிஞ்சுகிறது. இதுதான் அவர் வாதம். நற்செயல் தேவையில்லை என்று லூத்தர் சொன்னதாக எங்கள் ஊரில் இரண்டு பக்கத்தாரும் நம்புகிறார்கள். ஒரு பக்கத்தாருக்கு அது வசதி, மறுபக்கத்தாருக்கு அது குற்றச்சாட்டு.

கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்பதும் அப்படிப்பட்ட பேச்சுத்தான். 1547 ஜனவரியில் திரெந்துப் பொதுச்சங்கம் வெளியிட்ட தீர்மானத்தில், மனிதன் நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் அவனிடம் இருக்கும் எதுவும், அது விசுவாசமாக இருந்தாலும் சரி, கிரியையாக இருந்தாலும் சரி, அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்று தெளிவாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு அருளில் வளர்வதற்கு நற்செயல் உதவும், அதற்குப் பலனும் உண்டு என்று அது மேலே சொல்வதில்தான் புரட்டஸ்தாந்தருக்குச் சிக்கல். சிக்கல் உண்மையானது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதையும் பார்த்தல்ல, கிருபையினால் மாத்திரமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு ஆயத்தப்படுத்தி அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் சோல் நகரில் மெதடிஸ்தர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அதாவது என் அம்மாவின் சபையும் அப்பாவின் சபையும் இந்த விஷயத்தில் அடிப்படை உடன்பாடு கண்டு பல வருஷமாகிறது. எங்கள் சேர்ச்சில் இதை ஒருவரும் அறிவித்த ஞாபகம் எனக்கில்லை. அறிவித்திருந்தால் செத்த வீடுகளில் கதைக்க ஒன்றும் இருந்திருக்காது.

அப்போ இவ்வளவு கையெழுத்துக்குப் பிறகும் இங்கே ஏன் இது ஆறவில்லை? எங்கள் மண்ணின் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நேர்த்தி வைத்து வளர்ந்த சனம் நாங்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களில் என் பள்ளித் தோழர்கள் இருந்தார்கள். ஆயித்தியமலை மாதாவிடம், வாவிக்கு மேற்கே படுவான்கரை வெயிலில் கால்நடையாகப் போகிறவர்களில் என் தாய்வழிச் சனம் இருக்கிறது. அறுவடைக் காணிக்கைக்கு முதல் மூட்டையை அவிழ்க்காமல் கொண்டுவரும் மெதடிஸ்த விவசாயி இருக்கிறார். இவர்களில் ஒருவரையும் நான் பரிகாசம் பண்ண மாட்டேன். நன்றி சொல்லப் போகிற கால்களும் அதில் உண்டு. ஆனால் "நீ இதைத் தா, நான் அதைச் செய்கிறேன்" என்கிற பேரமும் அதற்குள் இருக்கிறது, அது எல்லாச் சமயத்துக்கும் பொது. சுயாதீன சபைக்குப் போன மச்சான் பேரத்தை விட்டுவிட்டதாக நினைக்கிறார். தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தால் வெளிநாட்டு விசா சரிவரும் என்று அவர் சபையில் சாட்சி சொல்கிறார்களே, அது என்னவாம்?

சரி, நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். சைவக்காரர். புருஷன் கரைவலைக்குப் போனவர், இப்போது இல்லை. சமாதான காலம் என்று பெயர் வைத்திருந்த அந்தக் காலத்தில், டியூஷனுக்குப் போன அவருடைய மூத்த மகனை ஆயுத இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பதினாறு வயசு. எங்கள் பக்கத்தில் இது எத்தனை வீடுகளில் நடந்தது என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை திரும்பி வரவில்லை. பிரேதமும் வரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் ஆள் பிடித்தவர்களில் ஒருவனை எல்லாருக்கும் தெரியும். போர் முடிந்து, புனர்வாழ்வு முடிந்து வந்து, படுவான்கரையில் கலியாணம் கட்டி, லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சபையில் ஞானஸ்நானம் எடுத்தான். உபவாசக் கூட்டமொன்றில் அவன் சாட்சி சொன்னதைக் கேட்ட எங்கள் உறவுப்பெண் ஒருத்தி கண்ணீரோடு வந்து சொன்னாள்: "எவ்வளவு பெரிய பாவியையும் ஆண்டவர் எப்படி மாத்தியிருக்கிறார் பாருங்க. என் பாவமெல்லாம் போயிட்டு, இப்ப நான் நிம்மதியா நித்திரை கொள்றன் எண்டு சொன்னார்."

ஒழுங்கை அல்லவா, அந்தச் செய்தி அக்காவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பின்னேரம் எங்கள் வேலியருகே நின்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கூட இல்லை. "அவருக்கு ஆண்டவர் மன்னிச்சிட்டாராம் தம்பி. புள்ளையைப் பறிகுடுத்தது நான். எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே."

கிருபையைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை எந்தப் பிரசங்கியும் என்னிடம் கேட்டதில்லை. நான் நாற்பது வருஷமாகச் சேர்ச்சில் வாங்கில் இருந்து கேட்ட அத்தனை பிரசங்கங்களையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டே பேர்தான் இருந்தார்கள்: தேவனும் பாவியும். பாவி அழுகிறான், தேவன் மன்னிக்கிறார், பாட்டுப் பாடி முடிக்கிறோம். அந்தப் பாவத்தால் அடிபட்ட மூன்றாவது ஆள் கதைக்குள்ளேயே இல்லை. மச்சானும் பெரியம்மாவும் மறந்த ஆள் இவர்தான். ஒருவர் விசுவாசத்தைத் தேவனிடம் நீட்டுகிறார், மற்றவர் தருமத்தைத் தேவனிடம் நீட்டுகிறார். இரண்டு பேருடைய கையும் மேலே நோக்கித்தான் இருக்கிறது.

வேதத்தைத் திரும்பப் படித்தால் அந்த மூன்றாவது ஆள் அங்கே இருக்கிறார். சகேயுவின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஞாயிறு பாடசாலையில் குள்ளன், காட்டத்தி மரம் என்று நடித்துக் காட்டியிருப்போம். வரிக்காரன், சனத்தைச் சுரண்டி உழைத்தவன். இயேசு அவனிடம் முதலில் ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். ஊர் முறுமுறுக்கிறது. கிருபை என்றால் அதுதான், கேட்காமல் வந்து வாசலில் நிற்பது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஒருவனிடத்தில் அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொல்கிறான். திருப்பிச் செலுத்துவது யாருக்கு? இயேசுவுக்கு அவன் ஒரு காசும் நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏமாந்த சனத்துக்குத்தான் அந்தக் காசு போகிறது. அன்று எரிகோவில் எத்தனை வீட்டுக் கதவை அவன் போய்த் தட்டியிருக்க வேண்டும் என்று நான் யோசித்திருக்கிறேன். லூக்கா அதை எழுதவில்லை. எல்லாக் கதவும் சிரித்த முகத்தோடு திறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலைப்பிரசங்கத்தில் இன்னும் நேரடியாக இருக்கிறது. நீ பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கிறாய், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை, அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்று இருக்கிறது. கடவுளே தன் முறையை விட்டுக்கொடுத்து, வரிசையில் பின்னால் போய் நிற்கிறார். இந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் எங்கள் சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கிற நேரத்தில் பாதிப் பேர் வெளியே போக வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் அந்தச் சபையின் பாஸ்டரிடம் ஒரு கலியாண வீட்டில் கதைத்தேன். நல்ல மனிதர், படித்தவர். அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின என்று எழுதியிருக்கு பிரதர். சிலுவையில முடிஞ்ச வேலைக்கு மேல நாங்கள் ஒண்டைக் கூட்டினா சிலுவை போதாது எண்டு சொல்றமாதிரி." அப்புறம் சிலுவையில் தொங்கிய கள்ளனைச் சொன்னார். அவன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கேட்டவுடனே கிடைத்துவிட்டதே.

கள்ளனை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாகிற நேரத்தில் திரும்பியவனுக்கு ஒரு கதவு இல்லையென்றால் எங்கள் குடும்பத்திலேயே பல பேரைப் பற்றி நான் நம்பிக்கையிழக்க வேண்டியிருக்கும். ஆனால் அவனுடைய கையும் காலும் ஆணியடித்துக் கிடந்தன. லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிற கைக்கு அந்தச் சாட்டு இல்லை. பாஸ்டருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: அவன் பரலோகத்துக்குப் போவதற்காக அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பரலோகத்தைப் பற்றிய பயம் அவனுக்கு இனி இல்லையென்றால், அக்கா வீட்டுக்குப் போக அவனுக்கு வேறென்ன பயம்?

எழுதும்போது இது கெட்டிக்காரப் பேச்சாகத் தெரிகிறது. உண்மையில் வேறு பயங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் பழைய கதையை வாயால் சொன்னவர்களுக்கு என்னென்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். விசாரணை என்று யாரும் வரலாம். அவனும் பதினேழு வயதில் பிடிபட்டுப் போனவன்தான் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அவனுடைய தாய்க்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனாலும் அவன் வந்தான். பாஸ்டர் மனம் மாறி அனுப்பினாரா, அவனாக வந்தானா, தெரியாது. இருட்டுப்படுகிற நேரம், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அக்கா என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்தது அழுகை, காலில் விழுதல், அப்படி ஏதாவது. ஒன்றும் நடக்கவில்லை. மகனுக்கு இயக்கத்தில் வைத்த பெயரைச் சொன்னான். எந்த முகாமில் ஒன்றாக இருந்தார்கள் என்று சொன்னான். கடைசியாக வாகரைப் பக்கம் பார்த்ததாகச் சொன்னான், அதற்குப் பிறகு தெரியாது என்றான். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவனுக்கு இழுப்பு வருத்தம். பம்ப் கொண்டு போகல்ல. அங்க மருந்து குடுத்தாங்களா?" அவனுக்கு அது தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னான், கொடுத்தார்கள் என்று பொய் சொல்லவில்லை. கொண்டுவந்த பழங்களை அக்கா வாங்கவில்லை. "சொன்னதுக்குச் சரி. இனி வராதீங்க" என்றார்.

மன்னித்தாரா என்று எங்கள் உறவுப்பெண் கேட்டாள். இல்லை. அதைக் கேட்க அவளுக்கு உரிமையும் இல்லை. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் செத்தபோது, அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாராவது "மன்னிக்கிறேன்" என்று சொன்னால் அது அவர்கள் வாயால் வர வேண்டியது. வெளியில் நின்று கிறிஸ்தவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று அறிக்கை விடுகிறவர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாததைத் தானம் பண்ணுகிறார்கள். தேவன் பாவியை மன்னிக்கிறார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். அக்காவின் கையெழுத்தை அவர் போட்டுக்கொடுக்கிறார் என்று நான் நம்பவில்லை.

சில மாதம் கழித்து அக்கா எனக்கு ஒரு வேலை வைத்தார். அடுத்த ஊரில் இன்னொரு தாய் இருக்கிறாள், அவளுடைய மகனும் அதே முகாமில்தான் இருந்திருக்க வேண்டும். "அந்தப் பொடியனட்டச் சொல்லுங்க தம்பி, அங்கயும் போய்ச் சொல்லச் சொல்லி." சொன்னேன். போனான். அதற்குப் பிறகு வேறு வீடுகளுக்கும் போனதாகக் கேள்வி. இந்தப் போக்குவரத்தை நற்கிரியை என்று யாரும் எந்தச் சபையிலும் அறிவிக்க மாட்டார்கள். பவுல் ரோமருக்கு எழுதியதில் ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல் வேறு எந்தக் கடனும் படாதிருங்கள் என்று சொல்கிறார். அந்த ஒரு கடனை அவர் தள்ளுபடி செய்யவில்லை. கிருபைக்காக இவ்வளவு வாதாடிய அதே பவுல்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் வேலையில் பார்த்தேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, நிவாரணப் பட்டியல் எழுதுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். நாவலடி, கல்லடி முதல் மருதமுனை, பாண்டிருப்பு, திருக்கோவில் வரை கரையோரம் துடைத்தெடுத்துக் கிடந்த நாட்கள். உதவி மலைபோல வந்தது. பெயர் சொல்லாமல் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போனவர்களைப் பார்த்தேன். ஒரு கையில் பால்மாவும் மறு கையில் துண்டுப்பிரசுரமுமாக வந்தவர்களையும் பார்த்தேன். கூட்டத்துக்கு வந்து கையுயர்த்தினவர்களுக்கு அடுத்த வாரம் கூரைத்தகடு என்று ஒரு கதை ஓடியது. அது எல்லா இடத்திலும் உண்மையாக இருந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் சனம் அதை நம்பியது, நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று அதே 2004இல்தான் பாராளுமன்றத்துக்கு வந்திருந்தது. நாங்கள் அதை மத சுதந்திரத்துக்கு ஆபத்து என்று எதிர்த்தோம், எதிர்த்தது சரிதான். ஆனால் வாசலில் நின்ற அந்தப் பால்மாவைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் போதுமான அளவு கதைக்கவில்லை.

இலவசமாகக் கிடைத்த இரட்சிப்பைப் பிரசங்கிக்கிறவன் கூரைத்தகட்டுக்கு விலை வைத்தால், அவன் பிரசங்கத்தை அவனே நம்பவில்லை என்றுதான் அர்த்தம். மோட்சத்துக்காகத் தருமம் செய்கிறவனுக்கு ஏழை ஒரு படிக்கட்டு. ஆத்துமாக்களைச் சேர்ப்பதற்காகத் தருமம் செய்கிறவனுக்கும் அதே படிக்கட்டுத்தான், ஏறுகிற திசை வேறு. இரண்டிலும் ஏழையின் பசி என்பது வேறு எதற்கோ வழி. தனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று நிம்மதியானவன்தான் பசித்தவனைப் பசித்தவனாகப் பார்க்க முடியும். கிருபைக் கோட்பாட்டால் ஊருக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்டால் நான் காட்டக்கூடியது இதைத்தான்.

எங்கள் மெதடிஸ்த மூதாதை ஜோன் வெஸ்லி இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டவர். 1738 மே 24 இரவு லண்டனில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டுத்தான் கிறிஸ்துவை மட்டும் நம்பலாம் என்ற உறுதி அவருக்கு வந்தது. அதே ஆள் 1785 ஜனவரியில், 81 வயதில், கணுக்கால் நனையும் பனிச்சேற்றில் லண்டன் தெருக்களில் நடந்து ஏழைகளின் உடுப்புக்காக 200 பவுண் இரந்து சேர்த்தார். இரட்சிப்பைச் சம்பாதிக்க அவருக்கு அந்த வயதில் அவசரம் இருந்திருக்காது. 47 வருஷத்துக்கு முன்னமே அந்த விஷயம் அவருக்கு முடிந்துவிட்டது.

மட்டக்களப்பிலும் ஒரு கதை இருக்கிறது. வெஸ்லியின் சபையிலிருந்து வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்தார், ஒரு வருஷம் ஆகுமுன்னமே 1815 ஏப்ரலில் செத்துப்போனார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த 1814ஐத்தான் தன் தொடக்கமாகச் சொல்கிறது. பள்ளிக்கூடம் வைத்தால் சனம் மதம் மாறும் என்ற எண்ணம் மிஷனரிமாருக்கு இருந்தது, அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. பிறகு கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. 1892இல் காரைதீவில் பிறந்த ஒரு பொடியன் கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும், பிறகு மட்டக்களப்பில் புனித மிக்கேலிலும் படித்தான். மதம் மாறவில்லை. இராமகிருஷ்ண மடத்தில் துறவியாகி, சுவாமி விபுலானந்தர் என்ற பெயரோடு திரும்பி வந்து கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். மிஷன் கணக்குப்படி பார்த்தால் செலவு வீண்: ஓர் ஆத்துமாவும் சேரவில்லை, போட்டிக்கு ஒரு பள்ளிக்கூடமும் வந்துவிட்டது. என் கணக்கில் அந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் செய்த மிகச் சுத்தமான நற்கிரியை அதுதான். கொடுத்தார்கள், திருப்பி ஒன்றும் கிடைக்கவில்லை, தமிழுக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார்.

மத்தேயு 25இல் வரும் நியாயத்தீர்ப்பைப் பெரியம்மா தனக்குச் சாதகமாகச் சொல்வார். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் வலது பக்கம் போகிறார்களே என்பார். போகிறார்கள்தான். ஆனால் அந்த வலது பக்கத்தார் "ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகமே இல்லை. பெரியம்மாவின் புருஷன் செய்த தருமத்துக்கெல்லாம் ஒரு நீலக் கொப்பியில் கணக்கு இருந்தது, அதை நானே பார்த்திருக்கிறேன். இதைப் பெரியம்மாவிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. பெரியப்பா உண்மையிலேயே நல்ல மனிதர். கணக்கு எழுதுவது அவருக்குப் பழக்கதோஷம், கடைக்காரர்.

இவ்வளவும் யோசித்த பிறகு ஊரில் செய்ய முடிந்தது சின்னக் காரியம்தான். எங்கள் சேர்ச்சில் வருஷாவருஷம் ஜனவரியில் வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வந்து, கடைசி ஜெபம் முடிந்த பிறகுதான் கொடுப்பது வழக்கம். சைவப் பிள்ளைகளும் வரும், பாட்டுத் தெரியாமல் வாயசைத்துக்கொண்டு நிற்கும். இந்த வருஷம் கமிட்டியில் நான் இதைப் பிடித்துக்கொண்டேன். கொப்பிகளைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்துவிடுவோம், அவருக்குத் தெரியும் யாருக்குத் தேவை என்று. ஆராதனை வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "வராத பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு நாங்கள் என்ன அரசாங்கக் கச்சேரியா?" வாக்குவாதம் நீண்டது. போதகர் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைப் பத்தாம் வசனம் வரைக்கும் வாசித்தார், அது உதவியது. அதிபரிடம் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் அந்த மூத்தவர் தன் காசில் வாங்கித் தந்த கொப்பிகளில் மட்டும் சபையின் ஸ்டிக்கர் ஒட்டுவேன் என்று விடாப்பிடியாக நின்றார். ஆட்டுக்குட்டி படம், கீழே ஒரு வசனம். சரி ஒட்டுங்கள் என்று விட்டுவிட்டோம்.

பிறகு அதிபரைச் சந்தையில் கண்டபோது விசாரித்தேன். எல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டாராம். ஸ்டிக்கர் ஒட்டின கொப்பிக்குத்தான் பிள்ளைகள் அடிபட்டதாம். ஆட்டுக்குட்டி வடிவாக இருந்ததாம். அடுத்த வருஷம் எல்லாக் கொப்பிக்கும் அதை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார்.